வடதிசை சிவந்தபோது

உரோமப் பேரரசன் டைபீரியஸ் ஆண்ட காலம். ஓர் இரவு, அடிவானம் செக்கச் செவேலெனச் சிவந்தது. துறைமுக நகரமாம் ஆஸ்தியா பற்றி எரிகிறது என்று கருதினர், படைப்பிரிவுகள் விரைந்தோடின. ஆனால் ஆஸ்தியா எரியவில்லை! எரிவதுபோலத் தோன்றியது வானம். செனேகா எனும் அறிஞர் இதனைத் தம் நூலிலே குறித்து வைத்தார்.

அது பழங்காலம், அறிவு வளராத காலம் என்று கூறிவிடலாமா? 1938-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் அரச குடும்பத்தார் வாழும் விண்ட்சர் கோட்டை எரிவதாக எண்ணித் தீயணைப்புப் படை அழைக்கப்பட்டது. அன்றும் எரிந்தது கோட்டையல்ல. அதே சிவப்பு ஐரோப்பாவின் தென்கோடியிலே, போர்த்துகல் வரை தெரிந்தது. கண்டவர்களிலே பலர், பெரும்போர் வரப்போவதற்குத் தெய்வம் காட்டிய அடையாளம் என்று நம்பினர். மறு ஆண்டு போரும் வந்தது! ஹிட்லரின் படைக்கலச் சாலைகள் ஆண்டுக்கணக்கில் இயங்கிக்கொண்டிருந்ததைக் காணாத கண்கள், வானத்தின் சிவப்பை மட்டும் கண்டன.

அந்தச் சிவப்புக்குப் பெயர் வடவொளி. துருவ ஒளி என்றும் கூறுவர். ஞாயிறு நமக்கு ஒளியையும் வெப்பத்தையும் மட்டுமா அனுப்புகிறது? மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களையும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றின் முகத்தில் கரும்புள்ளிகள் மிகும் காலத்தில், அப்புள்ளிகளை ஒட்டி வெடிப்புகள் எழுகின்றன. துகட்கூட்டம் புயலாகப் புறப்படுகிறது. நிலவுலகைச் சூழ்ந்துள்ள காந்தப்புலம் அந்தப் புயலை மறிக்கிறது. அந்த மோதலின் ஆற்றலால் முடுக்கிவிடப்பட்ட மின்னணுக்கள், காந்தத் துருவங்களைச் சுற்றி வளையமிட்டதுபோல, மேற்காற்றிலே பாய்கின்றன. அங்குள்ள ஆக்சிஜன் அடிபட்டு ஒளிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே பச்சை. இருநூறு கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு. பச்சை தாழ்ந்து நிற்பதால் வளையத்தின் அருகே வாழ்வோர்க்கே தெரியும். சிவப்பு உயர்ந்து நிற்பதால், நெடுந்தொலைவில் உள்ளோரும் அதன் தலைப்பை மட்டும் அடிவானத்திலே காண்பர். உரோமன் ஊர் எரிகிறது என்றெண்ணி ஓடியதற்கும், நார்வே நாட்டுக்காரன் ஓடாததற்கும் காரணம் இதுவே.

2024-ஆம் ஆண்டு மே 10, 11 நாட்களில், 2003-க்குப் பின் உலகம் கண்டிராத கடுமையான காந்தப்புயல் வீசிற்று. வடநாடுகளின் வானமெல்லாம் பச்சையும் செம்மையும் ஊதாவுமாக ஒளிர்ந்த படங்கள் கைப்பேசி தோறும் வந்து குவிந்தன. அன்றுமுதல் இளைஞர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நம் காஞ்சியிலே, வீட்டு மாடியிலே நின்றபடி, வடவொளியைக் காண வழி உண்டா?

இல்லை என்பதே நேர்மையான விடை. ஆசை காட்டி ஏய்ப்பதற்கு நாம் சோதிடர் அல்லர். ஆகவே காரணத்தையும் கூறிவிடுகிறோம். அந்த மே இரவில், லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான்இயற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வகத்தின் கேமரா, வடக்கு அடிவானத்தில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தது. ஹான்லே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 33 பாகையில் உள்ளது. காஞ்சியோ 13 பாகை. இடையே 2,200 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஒளி, உலகின் உருண்டை வடிவால், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதாவது, ஹான்லேயின் உச்சந்தலைக்கு நேர்மேலே அந்த ஒளி நின்றிருந்தாலும், காஞ்சியிலிருந்து பார்ப்பவர்க்கு அது அடிவானக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். அதுவோ ஹான்லேக்கும் வடக்கே நின்றது! போதாக்குறைக்கு, காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. காந்தக் கணக்கிலே பார்த்தால், வடவொளி வளையத்திலிருந்து விலகி நிற்கும் ஊர்களிலே நம் ஊரும் ஒன்று.

வீட்டிலிருந்தபடியே வடவொளியைக் கண்ட தமிழர் இல்லாமலில்லை. ஈழத்திலே வாழ வழியின்றிப் புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், 1980-களிலும் அடுத்த பத்தாண்டிலும், நார்வேயின் வடகோடியாம் பின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றனர். பகலே விடியாத மாரிக்காலத்தை உடைய நாடு அது. வடவொளி வளையத்துக்குக் கீழேயே அமைந்த ஊர்கள். அவர்களுக்குச் சன்னலைத் திறந்தாலே போதும். அத்தகைய நாடுகளுக்குச் செல்லும் தோழர்களுக்கு ஒரு சொல்: கோடையிலே தேடாதீர், அங்கே இரவே இருட்டுவதில்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை, நிலவில்லா இரவில், நள்ளிரவை ஒட்டி, தெருவிளக்கை முதுகுக்குப் பின்னே விட்டு, கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் காத்திருங்கள். மெல்லிய வெண்புகைபோல் கண்ணுக்குத் தெரிவது, கைப்பேசியின் கேமராவைச் சில நொடிகள் திறந்துவைத்தால் பச்சையாகப் பதியும். படத்திலே காணும் நிறமெல்லாம் கண்ணிலே தோன்றும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டா.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வானம் சிவந்தால் இங்கே என்ன கூறினர்? ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையிலே, திசை எரிவதுபோல் ஒளிர்வதற்கு 'திக்தாகம்' என்று பெயரிட்டு, ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மஞ்சளாக ஒளிர்ந்தால் அரசனுக்கு அச்சமாம். தீயின் நிறமானால் நாட்டுக்கு அழிவாம். சிவப்பானால் பயிருக்குக் கேடாம். ஏன் ஒளிர்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. யாருக்குக் கேடு என்ற கேள்விக்கே இடம். கேடு என்று கூறியபின், கேடு நீங்கச் சாந்தி என்று கூறுவது எளிது. சாந்திக்குத் தானம் என்பது அதனினும் எளிது!

வடமொழி நூலைச் சுட்டிவிட்டு நம்முடையதை மறைக்கும் பழக்கம் நமக்கு வேண்டா. புறநானூற்றிலே, கூடலூர் கிழார் வானத்திலிருந்து எரிமீன் ஒன்று வீழக் கண்டு, தம் வேந்தனாம் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் அவன் இறந்தான் என்றும் பாடுகிறார். பாட்டின் துயரம் நம் நெஞ்சைத் தொடுகிறது. ஆயினும் எரிமீன் எரிமீன்தான்; மன்னன் சாவு மன்னன் சாவுதான். வெள்ளிக்கோள் தெற்கே சென்றால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கையும் சங்கப் பாட்டுகளிலே பலமுறை வருகிறது. அதே புறநானூற்றிலே, ஞாயிறு செல்லும் வழியையும் அதன் வேகத்தையும் நேரிலே சென்று அளந்தவர்போலக் கூறுவோர் உண்டு என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியிருப்பதையும் மறக்கலாகாது. நடுங்கியவரும் இருந்தனர், அளக்க முயன்றவரும் இருந்தனர்.

வெள்ளி தெற்கே சென்றால் வறட்சி எனும் அந்த எண்ணத்தை வாசகர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டுகிறோம். அது வேறோர் உடையிலே திரும்பி வரப்போகிறது.

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். இங்கிலாந்திலே ரிச்சர்ட் காரிங்டன் என்பவர், ஞாயிற்றின் உருவைத் திரையிலே வீழ்த்திக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, புள்ளிகளின் நடுவே வெள்ளொளி ஒன்று பளிச்சிட்டு மறையக் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரம் சென்றது. உலகெங்கும் தந்திக் கம்பிகள் தடுமாறின; வெப்பநாடுகள் வரை வடவொளி விரிந்தது. அப்போது பம்பாயிலே பகற்பொழுது! வானத்திலே காண ஒன்றுமில்லை. ஆனால் அந்நகரின் கொலாபா ஆய்வகத்திலே காந்த ஊசி கிடுகிடுவெனச் சரிந்தது. 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சி, அதாவது அங்கே வழக்கமாக நிற்கும் கிடைக்காந்த ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு! கருவியின் அருகே நின்று கண்ணால் பார்த்துக் கையால் குறித்தவர்கள், குறிப்பை இடைவிடாது எழுதினர். அந்த ஏடு நூற்றைம்பது ஆண்டுக்கு அருகே பேழையிலே கிடந்தது. 2003-இல்தான், இந்தியக் காந்தவியல் நிறுவனத்தின் அறிஞர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து அதனை ஆராய்ந்து, அந்தப் பெரும்புயலின் வலிமையை எடைபோட்டனர். ஒளியைக் காணாத ஊர் எழுதிய கணக்கு, ஒளியைக் கண்ட ஊர்களின் வருணனையை விட உதவிற்று.

1872 பிப்ரவரி 4 இரவில் பம்பாயிலேயே வடவொளி தெரிந்ததாக அந்நகரின் செய்தித்தாள் எழுதிற்று. கடலடித் தந்திக் கம்பிகளும் தரைக் கம்பிகளும் தொல்லைப்பட்டன. 19 பாகையிலே கண்டதாகச் சொல்லப்படும் அச்செய்தியை இன்றும் அறிஞர் ஆராய்கின்றனர். வடவொளி நம் நாட்டின் தெற்கு நோக்கி நெருங்கி வந்தது அவ்வளவே. கொலாபாவின் கதையை முடிக்குமுன் ஒன்று: பம்பாயிலே மின்சார டிராம் வண்டி ஓடப்போகிறது, அதன் மின்னோட்டம் காந்த ஊசியைக் கெடுக்கும் என்றதும், ஆய்வகத்தின் இயக்குநரான முதல் இந்தியர் நானாபாய் மூஸ், 1904-இல் அலிபாகிலே புதிய நிலையத்தை அமைத்துப் பணியை அங்கே மாற்றினார். 1846 முதல் 1905 வரை திரண்ட அளவுகளை நூலாகவும் வெளியிட்டார். ஊசி மெய்பேச வேண்டுமென்பதற்காக ஊரையே மாற்றினார்!

இப்போது பஞ்சத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கருக்கிய தாது வருடப் பஞ்சம். செத்தவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுவர். உழவன் விதைநெல்லைத் தின்றான். நெசவாளிக்கோ விதைநெல்லும் இல்லை. சோறில்லாத நாட்டிலே துணி வாங்குவார் யார்? தறி நின்றது, தறிக்காரன் தெருவுக்கு வந்தான். அந்த நேரத்திலே, 1877 ஜனவரியில், வைஸ்ராய் லிட்டன் தில்லியிலே தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்துக்கொண்டிருந்தார். பஞ்சம் பார்க்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அளந்தார். தானியம் கப்பலேறுவதும் நிற்கவில்லை.

அதே 1877-ஆம் ஆண்டில், அரசின் புள்ளிவிவரத் தலைவர் ஹண்டரும், வானியல் அறிஞர் நார்மன் லாக்யரும் 'ஞாயிற்றுப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்ற கட்டுரையை வெளியிட்டனர். சென்னையின் மழைக்கணக்கை வைத்துக்கொண்டு, ஞாயிற்றிலே கரும்புள்ளி குறையும் ஆண்டுகளிலே மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று வாதிட்டனர். புள்ளிகள் பதினோராண்டுக்கு ஒருமுறை மிகுந்து குறைவது உண்மை. பஞ்சத்தை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற நோக்கத்தையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் பாருங்கள்: வெள்ளி தெற்கே போயிற்று, ஆகவே பஞ்சம் என்றனர் அன்று, புள்ளி குறைந்தது, ஆகவே பஞ்சம் என்றனர் பிறகு. இரண்டிலும் குற்றவாளி வானம்! கிடங்கிலே இருந்த நெல்லும், அதன் விலையும், அதை ஏற்றிச் சென்ற கப்பலும், ஒரு ராத்தல் கணக்கும் குற்றக்கூண்டிலே ஏறவில்லை.

ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அது பெரிய வேற்றுமை. சோதிடர் கூற்றைச் சோதிக்க வழியில்லை. புள்ளிக் கூற்றைச் சோதிக்க வழி இருந்தது; சோதிக்கவும் செய்தனர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர், மழைக்கும் புள்ளிக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, பருவமழையை முன்னறிய அது உதவாத அளவுக்கு மெலிந்தது என்று கண்டார். அவர் தேடலிலே அகப்பட்டது வேறொன்று: பசிபிக் பெருங்கடலின் இருபுறமும் காற்றழுத்தம் ஏறி இறங்கும் ஊசலாட்டம். 1877-இல் மழையைக் கெடுத்தது அப்பெருங்கடலின் மிகைவெப்பம் என்பது இன்று தெளிவாகிவிட்டது. மழையைக் கெடுத்தது கடல். மக்களைக் கொன்றதற்குக் கடலை மட்டும் கைகாட்ட முடியாது.

பஞ்சம் முடிந்து ஐந்தாண்டு சென்றபின், 1883 செப்டம்பரில், சென்னையிலும் இலங்கையிலும் ஞாயிறு பச்சையாகத் தோன்றிற்று. எத்தனை பேர் எத்தனை விதமாக நடுங்கியிருப்பர்! சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் மிக்கி ஸ்மித் நிறமாலைக் கருவியை எடுத்துக்கொண்டு அந்தப் பச்சை ஞாயிற்றை ஆராயத் தொடங்கினார். ஆகஸ்டு 26, 27 நாட்களில் வெடித்த கிரக்கட்டோவா எரிமலையின் தூசு, வானத்தில் பரவி வந்து செய்த வேலை அது. இதே மிக்கி ஸ்மித்தான், பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் தலைவராகி, 1899-இல் கோடைக்கானலிலே ஞாயிற்று ஆய்வகத்தை நிறுவி, அதன் முதல் இயக்குநரானவர். ஞாயிற்றை அறிந்தால் மழையை அறியலாம் என்ற பஞ்சகால எதிர்பார்ப்பு, அந்நிலையம் எழுந்ததற்கான காரணங்களிலே ஒன்று. எதிர்பார்த்தது கிட்டவில்லை, எதிர்பாராதது கிட்டிற்று. 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான், கரும்புள்ளியில் வளிமம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். உலகமெங்கும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் எடுத்த ஞாயிற்றுப் படங்கள் அம்மலையிலே சேர்ந்திருக்கின்றன. வடவொளியைக் காண முடியாத தமிழகம், வடவொளியின் ஊற்றுக்கண்ணை நூறாண்டாகப் பார்த்து வருகிறது!

2023 செப்டம்பர் 2-ஆம் நாள், அதே பார்வையை விண்ணுக்கே கொண்டுசென்றது ஆதித்யா எல்-1. காஞ்சிக்கு வடக்கே, சிறீஅரிக்கோட்டாவிலிருந்து கிளம்பிற்று. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையிலே பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலே பயின்ற பெண்மணி. பெண்ணுக்குப் பள்ளி எதற்கு என்று கேட்டவர்கள் இந்த வரியை இருமுறை படிக்கட்டும்.

ஆகவே, காஞ்சியின் இளைஞர் வீட்டிலிருந்து காணத்தக்கது வடவொளியை அன்று. அதைப் பிறப்பிக்கும் புள்ளிகளை. வானம் சிவந்ததாக யாரேனும் கூறினால், முதலில் நேரத்தைக் கேளுங்கள்: ஞாயிறு மறைந்து ஒரு மணி நேரத்துக்குள் எனில் அது அந்திச் செக்கர். வடகிழக்கே அசையாது கிடக்கும் மஞ்சட் சிவப்பெனில் அது சென்னை நகரின் விளக்கொளி. கைப்பேசியில் மட்டும் தெரிந்து கண்ணுக்குத் தெரியவில்லை எனில், நீண்ட நேரம் திறந்திருந்த கேமரா ஊர்வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. காந்தப்புயல் அன்று வீசியதா என்பதை ஆய்வகங்கள் வெளியிடும் அளவுகளே கூறிவிடும்.

புள்ளியைக் காண, பிள்ளையார்பாளையத்து ஓட்டுவீடே நல்ல ஆய்வகம். தறிக்குழி இருக்கும் இருண்ட கூடத்திலே, ஓட்டின் சிறு பொத்தல் வழியே விழும் வட்ட வெளிச்சத்தைப் பார்த்திராத நெசவாளி உண்டா? பொத்தல் கோணலாக இருந்தாலும் வெளிச்சம் வட்டமாக விழுகிறதே, ஏன்? அது பொத்தலின் வடிவமன்று, ஞாயிற்றின் உருவம்! கிரகணத்தன்று அந்த வட்டமும் பிறையாவதைக் காணலாம். பாவு விரிக்குமுன் மழை வருமா என்று நாள்தோறும் வானத்தைப் பார்க்கும் தொழில் நெசவு. அந்தப் பார்வையிலே அச்சமில்லை, தேவை இருக்கிறது. அதே பார்வையைக் கொஞ்சம் நீட்டுவோம்.

சிறு முகக்கண்ணாடியின்மேல் தடித்த தாளை ஒட்டி, நடுவிலே அரை செண்டிமீட்டர் துளையிடுங்கள். வெயில் படும் சன்னலிலே அதை அசையாது வைத்து, ஒளியை இருண்ட கூடத்தின் எதிர்ச்சுவருக்குத் திருப்புங்கள். பத்து மீட்டர் தொலைவிலே ஏறத்தாழ ஒன்பது செண்டிமீட்டர் அகலத்தில் ஞாயிறு விழும். சுவரிலே வெள்ளைத்தாள் ஒட்டிப் பாருங்கள். பெரும்புள்ளி இருக்குமாயின், மங்கலான கறையாகத் தெரியும். கண்ணாடியை நகர்த்தியபோது கறை தாளிலேயே நின்றால் அது தாளின் அழுக்கு; வட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது புள்ளி. நேராக ஞாயிற்றை நோக்குவதோ, கண்ணாடியை நோக்குவதோ கூடவே கூடாது. புகை பிடித்த கண்ணாடியும் எக்ஸ்ரே தாளும் கண்ணைக் காக்கா.

கண்ட நாளையும் மணியையும் எழுதி, வட்டம் வரைந்து, கறையின் இடத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே மணிக்குக் குறித்தால் கறை சற்றே நகர்ந்திருக்கும். ஞாயிறு தன்னைத்தானே சுழல்வதை நம் வீட்டுச் சுவரே காட்டும். முகத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டு வாரம். மறுபுறம் சென்று மீள இன்னும் இரண்டு வாரம். 2024 மே மாதத்து வடவொளியை எழுப்பிய புள்ளிக்கூட்டம், நிலவுலகைப்போல் பதினைந்து உலகங்களை வரிசையாக வைக்கும் அகலம் உடையது. மே நடுவிலே விளிம்புக்கு அப்பால் மறைந்தது. மாத இறுதியிலே மறு விளிம்பில் மீண்டும் தலைகாட்டிற்று.